உஷார்! கெட்டிமேளம் கொட்டும்போது மாடியில் யார்?

கதையை அப்புறம் சொல்கிறேன், முதலில் ஒரு வேலை. இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் அடுத்து வரும் கல்யாணத்தில் மணமகள் அறைச் சாவி யாரிடம் இருக்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். "யாராவது ஒருத்தர் பாத்துப்பாங்க" என்று பதில் வந்தால், சாவி இப்போதே தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது பட்டவள் சொல்வது. எங்கள் அக்கா பெண்ணின் கல்யாணத்தில் அந்த "யாராவது ஒருத்தர்" நான்தான்.

அன்று காலை ஆறு மணிக்கே அவன் மண்டபத்தில் இருந்தான். நாற்பது வயதிருக்கும். அகல ஜரிகை வேட்டி, சந்தனக் கலர் பட்டுச் சட்டை, நெற்றியில் சின்னதாக ஒரு குங்குமக் கீற்று. வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்ற பெண் கை வலிக்கிறது என்றதும், வாங்கி அவனே பத்து நிமிஷம் தெளித்தான். என் பெரியப்பா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, நாற்காலி கொண்டுவந்து போட்டதும் அவன்தான். என்னிடம் வந்து, "அத்தை, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே, காபியாவது குடிச்சீங்களா?" என்றான். டபரா டம்ளரில் சூடாகக் காபியும் வந்தது. பெற்ற பிள்ளைகள் கேட்காத கேள்வி. உருகிப்போனேன். மாப்பிள்ளை வீட்டில் இவ்வளவு பாங்கான பிள்ளையா என்று அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதே நேரத்தில் சம்பந்தி அம்மாள் தன் நாத்தனாரிடம், பெண் வீட்டில் அந்தத் தம்பி ஒருத்தர்தான் ஓடியாடி வேலை பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று சந்தித்தது மறுநாள் காவல் நிலையத்தில்தான்.

கெட்டிமேளச் சத்தம் கேட்டது. அட்சதையை அள்ளிக்கொண்டு ஓடினேன். மணமகள் அறைக் கதவைச் சாத்தினேன், பூட்டினேனா என்று இன்றுவரை சத்தியம் பண்ண முடியவில்லை. தாலி ஏறி, அட்சதை தூவி, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுது, மூக்கைச் சிந்திவிட்டு நான் திரும்பி வந்தது பன்னிரண்டாவது நிமிஷம். கல்யாண வீடியோவைப் போட்டு எண்ணினோம். சாயங்கால ரிசப்ஷனுக்கு எடுத்து வைத்திருந்த ஆரமும் நெக்லஸும் கைப்பையோடு போயிருந்தன. பதினாலு பவுன்.

வீடியோவில் அவன் ஐந்து இடத்தில் தெரிகிறான். ஓர் இடத்தில் மொய் எழுதுகிறான். நூற்றியொரு ரூபாய். நோட்டில் பெயரும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. அந்த ஊரில் அந்தப் பெயரில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒருவரும் இல்லை.

தினசரிகளில் "டிப்டாப் ஆசாமி கைவரிசை" என்று நூறு தடவை படித்திருப்போம். படிக்கும்போது, இப்படியும் ஏமாறுவார்களா என்று அந்தக் குடும்பத்தை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பதினாலு பவுன் அபராதம் என்று அக்கா வீட்டுக்காரர் இன்னும் குத்திக்காட்டுகிறார்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷம் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கூட்டம் நிறைந்த இடத்தில், வெளிச்சத்தில், எல்லோரும் இருக்கும்போதே திருடலாம் என்ற தைரியம் ஒருவனுக்கு எப்படி வருகிறது? இதைத் தேடிப் படித்துக்கொண்டு போனபோதுதான் ஆர்தர் பாரி கண்ணில் பட்டான். நம் ஊர் ஆசாமிகளுக்கு இவன் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் இவனுக்கு நம் மண்டபங்களைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை பழகியிருப்பான்.

1896இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவன் பாரி. 1920களில் நியூயார்க்கையும் அதை ஒட்டிய லாங் ஐலண்டையும் கலக்கினான். எண்ணெய்க் கம்பெனி முதலாளிகளும் பங்குச்சந்தைப் பெரும்புள்ளிகளும் கடலோரமாக அரண்மனை கட்டி வாழ்ந்த இடம் அது. வாரக் கடைசியானால் தோட்ட விருந்து, நடனம், ஷாம்பெயின். பாரி முகமூடி போட்டுக்கொண்டு மதில் தாண்டுகிற ரகம் இல்லை. விருந்துக்குரிய கறுப்பு டக்ஸீடோ கோட்டை அணிந்து, அழைப்பில்லாமலே கூட்டத்தோடு உள்ளே போவான். கையில் ஒரு கோப்பை, முகத்தில் ஒரு புன்னகை. சம்பிரதாயமாக நாலு பேரிடம் பேசிவிட்டு, கழிவறையைத் தேடுகிறவன்போல் மாடி ஏறுவான். அம்மாள் படுக்கும் அறை எது, ஜன்னல் தோட்டத்தைப் பார்க்கிறதா, அபாய மணியின் கம்பி எங்கே ஓடுகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டு இறங்கி வந்து மறுபடி சிரிப்பான். திருட்டு இன்னொரு நாள்.

அந்த இன்னொரு நாளையும் நேரத்தையும் அவன் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். குடும்பம் வெளியூர் போயிருக்கும்போது அல்ல, கீழே உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடும்போது. வீட்டில் ஆள் இருந்தால் அபாய மணியை அணைத்து வைத்திருப்பார்கள். மாடி ஜன்னல் திறந்திருக்கும். வேலைக்காரர்கள் எல்லோரும் பரிமாறுகிற இடத்தில் இருப்பார்கள். நகைகளும் வங்கிப் பெட்டகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும். எல்லோரும் இருக்கிறார்கள் என்கிற தெம்பில் எல்லாமே திறந்து கிடக்கும்.

இதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அவர்களுக்கு இரவுச் சாப்பாடு, நமக்குக் கெட்டிமேளம். ஆயிரம் பேர் கண்ணும் மணவறை மேல். மேளச் சத்தத்தில் கதவை உடைத்தால்கூடக் கேட்காது. ஐயர் குறித்துக் கொடுத்த நேரமோ பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கிறது. நாம் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்த பத்திரிகை அது. திருடனுக்கும் அதே முகூர்த்தம்தான்.

பாரிக்குப் பத்திரிகை வைக்க யாரும் இல்லை. செய்தித்தாள்களில் வரும் பணக்கார வீட்டு விசேஷச் செய்திகளை அவன் படிப்பான். யார் வீட்டில் விருந்து, எந்தச் சீமாட்டி என்ன முத்துமாலை போட்டிருந்தார், அடுத்த வாரம் யார் எங்கே தங்குகிறார் என்று எல்லாம் அங்கேயே கிடைத்தது. நம் பெண்களுக்குச் செய்தித்தாள்கூட வேண்டாம். நகைக்கடையில் மாட்டிப் பார்க்கும்போதே ஒரு ஸ்டேட்டஸ், மெஹந்திக் கையோடு ஒரு ரீல்ஸ், மண்டபத்தின் பெயரைப் போட்டு "இன்னும் மூன்றே நாள்" என்று ஒன்று. சொன்னால் எனக்கு வயசாகிவிட்டது என்பார்கள். ஆகட்டும்.

1924இல் இங்கிலாந்தின் இளவரசர் லாங் ஐலண்டுக்கு வந்திருந்தார். பின்னால் எட்டாம் எட்வர்டாகப் பட்டமேறி, காதலுக்காக முடியைத் துறந்தாரே, அவரேதான். அப்போது கோஸ்டன் என்ற எண்ணெய் முதலாளியின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியிருந்தவர்களில் எட்வினா மவுண்ட்பேட்டனும் ஒருவர். பின்னாளில் டெல்லியில் கடைசி வைஸ்ராயின் மனைவியாக நாம் அறிந்த அதே எட்வினா. அவருடைய நகைகளும் கோஸ்டன் வீட்டம்மாளின் நகைகளும் அந்த மாளிகையிலிருந்து காணாமல் போயின. எடுத்தது பாரி. இளவரசரோடு பழகி அவரை நியூயார்க்கின் இரவு விடுதிகளுக்கே கூட்டிக்கொண்டு போனேன் என்றும் பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னான். திருடன் சொல்வதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் இஷ்டம். நகை போனது மட்டும் நிஜம்.

அடுத்த வருஷம் பிளாஸா ஓட்டல். வுல்வொர்த் என்ற பெரிய கடைச் சங்கிலியின் அதிபருடைய மகள் ஜெஸ்ஸி டோனஹூ தன் அறையில் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக்கு வெளியே, படுக்கையறையிலிருந்து முத்துமாலைகளும் நகைகளும் போய்விட்டன. மதிப்பு ஏறக்குறைய ஏழு லட்சம் டாலர். அங்கே போலி முத்துமாலைகளும் இருந்தன. வந்தவன் அவற்றைத் தொடவில்லை. அசலை மட்டும் எடுத்தான். "கவரிங்கும் சேர்த்துத்தான் வெச்சிருக்கேன், திருடனுக்கு எது எதுன்னு தெரியப்போகுது" என்று சொல்லும் மாமிகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

1927 மே மாதம் ஒரு விடிகாலையில், பங்குச்சந்தைச் சூரர் ஜெஸ்ஸி லிவர்மோர் வீட்டில் பாரியும் கூட்டாளியும் புகுந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் விழித்துக்கொண்டார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் பாரி பேசியது விருந்தாளி பேசுவதுபோல. அந்த அம்மாள் மன்றாடிக் கேட்ட சிலவற்றைத் திருப்பியும் கொடுத்தான். பறிகொடுத்தவர்களே அவனுடைய மரியாதையைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நானும் அந்தக் காபியைப் பற்றி ஒரு வாரம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே பாரி பிடிபட்டான். 25 வருஷத் தண்டனை. 1929இல் ஆபர்ன் சிறைக் கலவரத்தில் தப்பி, மூன்று வருஷம் ஒளிந்திருந்து மறுபடி மாட்டினான். 1949இல் வெளியே வந்து, சொந்த ஊரில் அமைதியாக இருந்து 1981இல் செத்துப்போனான்.

இப்படி ஒருவனைச் சினிமாக்காரர்கள் விடுவார்களா? 1955இல் ஹிட்ச்காக் படத்தில் கேரி கிராண்ட், 1967இல் "ஜுவல் தீஃப்" என்று நகைத் திருட்டைச் சுற்றியே அழகழகான நாயகர்களைப் பார்த்துவிட்டோம். நகை போன வீட்டில் அடுத்த ஆறு மாதம் யார் யாரைச் சந்தேகித்தார்கள், வேலைக்காரப் பெண்ணின் பெட்டியை எத்தனை முறை கவிழ்த்துப் பார்த்தார்கள் என்று எந்தப் படமும் காட்டவில்லை. எங்கள் வீட்டில் முதல் சந்தேகம் போனது மேக்கப் போட வந்த பெண்மேல். இருபது வயசு. அழுதுகொண்டே அவள் தன் தோள்பையைத் தரையில் கொட்டிக் காட்டினாள். லிப்ஸ்டிக், ஹேர்பின், பாதி கடித்த பிஸ்கட் பாக்கெட். அந்த நேரத்தில் அந்தப் பட்டுச் சட்டைக்காரனை நாங்கள் யாரும் நினைக்கக்கூட இல்லை. பாரி வேட்டையாடிய மாளிகைகளிலும் வேலையாட்களைத்தான் முதலில் உலுக்கினார்கள்.

அன்று அவன் கொடுத்த காபியை நினைத்தால் இன்னொரு பயம். சார்லஸ் சோப்ராஜைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1975 வாக்கில் பாங்காக்கில் ரத்தினக்கல் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு, வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சாப்பாடு போட்டு, உடம்பு சரியில்லை என்றால் மருந்தும் கொடுத்தான். மருந்துதான் நோயே. 1976இல் டெல்லி ஓட்டலில் பிரெஞ்சு மாணவர் கூட்டத்துக்கு மாத்திரை கொடுத்தபோதுதான் பிடிபட்டான். 1986இல் திகார் சிறைக் காவலர்களையே மயக்க மருந்து கலந்த தின்பண்டம் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வெளியே நடந்தான். எனக்கு வந்த காபியில் ஒன்றும் கலக்கவில்லை. அது என் புத்திசாலித்தனம் இல்லை, அவனுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மண்டபத்தில் முகம் தெரியாதவர் கொண்டுவரும் காபி, ஜூஸ், பீடா எதுவானாலும் சாவி வைத்திருப்பவர் வாயில் வைக்கக் கூடாது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் கோட்டை விடுவதுதான். டோரிஸ் பெயின் என்று ஒரு கறுப்பின அம்மாள், 1930இல் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். சிறுமியாக ஒரு கடையில் கடிகாரம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்ததும், கடைக்காரர் இவரை அவசரமாக வெளியே அனுப்பினார். கையில் கடிகாரம் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும், மனுஷர்களை மறக்கடிக்க முடியும் என்ற பாடத்தை அன்று கற்றுக்கொண்டதாக அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார். அவமானத்திலிருந்து பிறந்த வித்தை. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

பிறகு அறுபது வருஷத்துக்கும் மேல் அதே வித்தைதான். நல்ல உடை, நல்ல கைப்பை, கணவன் காத்திருப்பதாக ஒரு பேச்சு. ஒரு மோதிரத்தைக் காட்டச் சொல்வார், இன்னொன்று, வேறொன்று. இந்த விரலில் போட்டு அந்த விரலுக்கு மாற்றி, விற்பவரைச் சிரிக்க வைத்து, எத்தனை வெளியே எடுத்தோம் என்ற கணக்கையே குழப்பிவிடுவார். 1974இல் மோன்டே கார்லோவின் கார்டியே கடையிலிருந்து பத்து காரட் வைர மோதிரத்தோடு வெளியே வந்தார். மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தும் வைரம் அகப்படவில்லை. உள்ளாடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாராம். 2017இல், 86 வயதில், காலில் கண்காணிப்புக் கருவி மாட்டியிருந்தபோதே, ஒரு பெரிய கடையில் 86 டாலர் சாமானோடு பிடிபட்டார். இதில் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நகைக்கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த அம்மாளின் கதையை முதலாளிகள் சொல்ல வேண்டும். தட்டில் ஒன்று வைத்தால் ஒன்று உள்ளே போகட்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ரிசப்ஷனுக்குப் போடும் நகை காலையில் மண்டபத்துக்கு எதற்கு வருகிறது என்பது முதல் கேள்வி. எங்கள் வீட்டில் அதை யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டால், முகூர்த்த நேரத்தில் ஓர் ஆள் அறைக்குள்ளேயே உட்கார வேண்டும், வெளியே அல்ல. இன்னொரு காரியம், மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவரும் பெண் வீட்டு ஆள் ஒருவரும் சேர்ந்தே வாசலில் நிற்பது. தனித்தனியாக நின்றால், அந்தப் பக்கத்து ஆள் போலிருக்கிறது என்று இரண்டு பேருமே விட்டுவிடுவார்கள். எங்கள் மண்டபத்தின் கேமரா உண்மையில் ஓடவில்லை, விளக்கு மட்டும் எரிந்தது. முன்பணம் கொடுக்கும்போதே பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 1964இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் 563 காரட் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' நீலக்கல் திருடு போனபோது, அதன் கண்ணாடிப் பெட்டிக்கு அபாய மணி இருந்தது. பேட்டரிதான் எப்போதோ செத்துப்போயிருந்தது.

நகைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள், பில்லையும் சேர்த்து. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து-எண் அடையாளம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் தனி எண். புகார் எழுதும்போது "பச்சைக்கல் வச்ச ஆரம்" என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் எத்தனை பச்சைக்கல் ஆரம்! எண் இருந்தால் அடையாளம் சொல்லலாம். உருக்கிவிட்டால் எண்ணும் போய்விடும், அதனால் புகார் கொடுப்பதைச் சாப்பாடு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். நாங்கள் தள்ளினோம், சம்பந்தி முன்னால் மானம் போய்விடுமே என்று. மூன்று பந்தி முடிந்து, தாம்பூலப் பை கொடுத்துவிட்டுத்தான் போலீசுக்குப் போன் போட்டோம்.

பாங்க் லாக்கரில் இருந்தால் கவலையில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டோ தீயோ ஊழியர் மோசடியோ நடந்தால், பாங்க் பொறுப்பேற்பது வருஷ வாடகையைப்போல் நூறு மடங்கு வரைக்கும்தான். வாடகை மூவாயிரம் என்றால் மூன்று லட்சம். இன்றைய பவுன் விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் லாக்கர்தான் மேல்.

போன ஆவணியில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். மணமகள் அறைக்குள் நாற்காலியைக் கதவோரம் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மேளம் வேகம் எடுக்கும் நேரம், கதவைத் தட்டிவிட்டு ஒருவர் தலையை நீட்டினார். பட்டு வேட்டி, நல்ல சிரிப்பு. "அத்தை, பொண்ணோட கைப்பையை எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அந்த "அத்தை" காதில் விழுந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "தம்பி யாரு வீடு?" என்றேன். மாப்பிள்ளை வீடாம். மாப்பிள்ளைக்கு என்ன முறை, அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர் என்ன, அந்தப் பாட்டிக்கு எந்த ஊர், யார் அனுப்பியது என்று கேட்டுக்கொண்டே போனேன். மனுஷர் முகம் சிவந்து, பாட்டி பெயரைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன்தானாம். பெரிய உத்தியோகம். சம்பந்தி வீட்டில் இன்றுவரை அது ஒரு குறை. தம்பி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கீழே தாலி ஏறியது. மேளச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அட்சதை உள்ளங்கையில் வியர்த்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மூடிய கதவைப் பார்த்துத் தூவினேன்.